கே.எஸ். கிருஷ்ணன்: உங்கள் செல்போன் பேட்டரிக்கும் இந்தத் தமிழ் விஞ்ஞானிக்கும் என்ன தொடர்பு?

கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் சத்யேந்திரநாத் போஸ் பெயரில் ஒரு தேசிய ஆய்வு மையம் இருக்கிறது. 1986இல் தொடங்கப்பட்டது. உலோக ஆக்சைடுகளின் காந்தத் தன்மையும் அங்கே ஆராயப்படுகிறது. இந்தத் துறைக்கு ஆரம்பத்திலேயே வலுவான சோதனை ஆதாரம் தந்தவர்களில் ஒருவர், போஸுடன் டாக்காவில் பணியாற்றிய ஒரு தமிழர்.

யார் அவர்?

கே.எஸ். கிருஷ்ணன். 1898இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். 1923இல் கொல்கத்தாவில் சி.வி. ராமனிடம் சேர்ந்தார். 1928இல் வெளியான ராமன் விளைவு கண்டுபிடிப்பில் உடன் உழைத்தவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும், இல்லையா? ஆனால் அவருடைய சொந்த சாதனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

டாக்காவில் என்ன செய்தார்?

அதே ஆண்டு இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். கோபால்ட், நிக்கல், தாமிரம் போன்ற இடைநிலை உலோகங்களின் உப்புப் படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை எவ்வளவு திரும்புகின்றன என்று அளந்தார். அந்தப் படிகங்களில் ஒவ்வொரு உலோக அயனியையும் சுற்றி ஆறு ஆக்சிஜன்கள். அவைதான் உலோகத்தின் எலக்ட்ரான்கள் எப்படி அமைய வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெத்தே, வான் விளெக் ஆகியோர் கோட்பாடாகச் சொன்னதை, கிருஷ்ணனின் அளவீடுகள் சோதித்துக் காட்டின.

சரி, பேட்டரி எங்கே வருகிறது?

பல செல்போன் பேட்டரிகளில் இருக்கும் கருப்புப் பொடி, லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. அதிலும் ஒவ்வொரு கோபால்ட்டைச் சுற்றியும் ஆறு ஆக்சிஜன்கள்தான்! சார்ஜ் போடும்போது லித்தியம் வெளியேறுகிறது, கோபால்ட் ஆக்சைடு எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கிறது. பயன்படுத்தும்போது இரண்டும் திரும்புகின்றன. சுமார் 3.7 வோல்ட் கிடைப்பது இப்படித்தான்.

கோபால்ட் விலை அதிகம், மாங்கனீசு மலிவு. ஆனால் மாங்கனீசு ஆக்சைடில் அந்த ஆறு ஆக்சிஜன் கூடு கோணலாக இழுபடும். பேட்டரி சீக்கிரம் திறன் இழக்க அதுவும் ஒரு காரணம். எலக்ட்ரான்கள் ஜோடியாக இருக்கின்றனவா, தனியாக நிற்கின்றனவா என்பதைக் கண்டறிய, இன்றும் ஆய்வாளர்கள் பொடியின் காந்தத் தன்மையை அளந்து பார்க்கிறார்கள்.

பிறகு?

1933இல் கொல்கத்தா திரும்பிய கிருஷ்ணன், 1947இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1961இல் காலமானார். அப்போது சால்ட் லேக் வெறும் சதுப்பு நிலம். லித்தியம் அயனி பேட்டரி விற்பனைக்கு வர இன்னும் 30 ஆண்டுகள் இருந்தன. பேட்டரியை அவர் கண்டுபிடிக்கவில்லை. அதற்குள் இருக்கும் பொடியைப் புரிந்துகொள்ளும் வழியைத்தான் காட்டிவிட்டுப் போனார்.