வினவியவரும் விடையிறுத்தவரும்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளையும் தன்னகத்தே கொண்டிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், துள்ளம் என்னும் சிற்றூரில் 1883இல் பிறந்தவர் திரு.வி.க. வெஸ்லி பள்ளித் தமிழாசிரியப் பணியைத் துறந்து, 1917இல் ‘தேசபக்தன்’ ஆசிரியரானார். 1920இல் ‘நவசக்தி’ கண்டார்.

ஆள்வோரை வினவுதல் இதழாளர் தொழில். 1921இல் அது தலைகீழாயிற்று. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்க்குத் துணைநின்றவரை ஆளுநர் வெலிங்டன் பிரபு அழைத்து, நாடு கடத்த நேரும் என எச்சரித்தார். அஞ்சித் தொழிலாளரைக் கைவிடும் இயல்பு அவரிடம் இல்லை.

அதனினும் கடிய சோதனை 1925 காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாடு. தலைவர் அவரே. வகுப்புரிமைத் தீர்மானத்துக்கு அவர் இடம் தராமையால் பெரியார் வெளியேறினார். வினவ வேண்டியவர் அன்று விடையிறுக்கும் நாற்காலியில் இருந்தார். அந்த விடை பெரியாருக்கு நிறைவளிக்கவில்லை. கருத்து பிரிந்தது, 1953 செப்டம்பர் 17இல் திரு.வி.க. மறையும்வரை நட்பு பிரியவில்லை.