அன்னி பெசண்டு அம்மையார்

அடையாறு வங்கக் கடலோடு கலக்கும் இடத்திற்குத் தெற்கே, அலையோசை ஓயாத மணற்கரையில் ஊரூர் ஒல்காட் குப்பம் அமைந்துள்ளது. மீனவர் வாழும் ஊர் அது. கட்டுமரமும் வலையுமே அவர்தம் பழஞ்செல்வம். கடலுக்குச் சென்றவர் திரும்பும்வரை கரையில் நின்று நீரையே நோக்கும் குடும்பங்களுக்குப் பிரிவென்பது நாள்தோறும் பழகிய ஒன்றாகும். ஊரின் பெயரில் இடம்பெற்ற ஒல்காட் என்பவர் அமெரிக்க நாட்டினர். கர்னல் பட்டம் பெற்றவர். கல்விக் கூடங்களில் இடம் மறுக்கப்பட்ட ஏழை மக்களின் குழந்தைகளுக்காக 1894-ஆம் ஆண்டில் இப்பகுதியில் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். குப்பத்தை அடுத்து ஆற்றங்கரை நெடுகிலும் பரந்து கிடக்கும் தோப்பும், அதனுள் உள்ள மாளிகையும் அவர் தலைமை தாங்கிய பிரம்மஞான சபைக்கு உரியவை. 1907-இல் ஒல்காட் மறைந்தபின் அச்சபையின் தலைமையை ஏற்று அம்மாளிகையில் வாழ்ந்தவரே அன்னி பெசண்டு அம்மையார்.

1917-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரசாங்கத்தார் அவரை அம்மாளிகையினின்றும் பிரித்து, மலைமேல் காவலில் வைத்தனர். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. அன்புடையாரிடமிருந்து பிரிக்கப்படுவது அவருக்கு அது முதன்முறையன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, இதனினும் கொடிய பிரிவொன்றை அவர் தாங்கியிருந்தார்.

அம்மையார் 1847-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தாய்வழியில் அவர் அயர்லாந்துக் குடியினர். ஐந்தாம் வயதில் தந்தையை இழந்தார். இருபது வயதில் பிராங்க் பெசண்டு என்னும் பாதிரியாருக்கு மனைவியானார். டிக்பி என்னும் மகனும் மேபல் என்னும் மகளும் பிறந்தனர். கணவரின் இயல்பும் அவருடைய இயல்பும் சிறிதும் பொருந்தவில்லை. 1871-இல் குழந்தை மேபலுக்குக் கக்குவான் இருமல் கண்டு, உயிர் பிழைப்பதே அரிதென்னும் நிலை ஏற்பட்டது. தாய் கூடாரம்போல் திரை கட்டி, அதனுள் வெந்நீர் ஆவியை நிரப்பி, குழந்தையை மடிமீது வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் இரவும் பகலும் விழித்திருந்தார். குழந்தை பிழைத்தது. ஆனால் ஒரு பாவமும் அறியாத பச்சிளங் குழந்தை இவ்வாறு துன்புறுவதேன் என்ற கேள்வி தாயின் உள்ளத்தில் எழுந்தது. அவருடைய பழைய நம்பிக்கைகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. நம்பாத ஒன்றை நம்புவதாய் நடிக்க அவர் இசையவில்லை. 1873-இல் கணவரின் இல்லத்தை விட்டு வெளியேறினார். மகள் தாயோடும், மகன் தந்தையோடும் வாழ்வதென்று உடன்பாடாயிற்று.

சார்லஸ் பிராட்லா என்னும் பேச்சாளரோடு சேர்ந்து அம்மையார் மேடையேறினார், எழுதினார், ஏழை எளியவர்க்காக வாதாடினார். 1877-இல் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய பழைய சிறுநூல் ஒன்றை இருவரும் துணிந்து வெளியிட்டனர். அதற்காக அவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆறு மாதச் சிறையும் இருநூறு பவுன் அபராதமும் தண்டனையாக விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில், வழக்கு எழுதப்பட்ட முறையிலிருந்த குற்றம் ஒன்றினால் அத்தண்டனை நீங்கிற்று. சிறைக் கதவு அவருக்குத் திறக்காமலே மூடிக்கொண்டது. எனினும் வேறொரு தண்டனை காத்திருந்தது. சமய நம்பிக்கையற்றவளும் இத்தகைய நூலை வெளியிட்டவளுமாகிய ஒருத்தி குழந்தையை வளர்க்கத் தகுதியற்றவள் என்று கணவர் நீதிமன்றத்தை அடைந்தார். 1878-இல் நீதிபதி ஜார்ஜ் ஜெசல் அவ்வாதத்தை ஏற்றார். காய்ச்சலினின்றும் அப்போதுதான் தேறி வந்த அச்சிறுமியைத் தந்தை அனுப்பிய ஆள், அலறித் திமிறத் திமிறத் தூக்கிச் சென்றான். அதன்பின் தாய் கடும் நோய்வாய்ப்பட்டுப் படுத்தார்.

நோயினின்றும் எழுந்ததும் அவர் மீண்டும் வழக்காடினார். குழந்தையைத் திரும்பப் பெற முடியவில்லையாயினும், குறித்த காலங்களில் மக்களைச் சென்று காணும் உரிமையை மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிற்று. வேறு எவரும் அவ்வுரிமையை இறுகப் பற்றிக்கொண்டிருப்பர். அம்மையாரும் தொடக்கத்தில் அவ்வாறே செய்தார். ஆனால் சந்திப்புகள் இன்பம் தருவனவாக இல்லை. இடையூறுகள் பலவற்றைக் கடந்தே மக்களைக் காண வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் பழைய புண் கிளறப்பட்டது. தாய்க்கும் தந்தைக்கும் இடையே குழந்தைகளின் உள்ளம் அலைப்புண்டது. இந்நிலையில் அம்மையார் ஒரு முடிவுக்கு வந்தார். அவர்கள் வளர்ந்து தாமே சிந்திக்கும் காலம் வரும்வரை அவர்களைக் காண்பதில்லை என்று, போராடிப் பெற்ற உரிமையைத் தாமே துறந்தார். தம் ஏக்கத்தைத் தணித்துக்கொள்வதைக் காட்டிலும் குழந்தைகளின் அமைதியே பெரிதென்று அவர் கருதினார் போலும். இம்முடிவு சரியா தவறா என்று பிறர் வழக்காடலாம்; அதன் விலையை அறிந்தவர் அவர் ஒருவரே. ஆண்டுகள் பல கழிந்தன. வயது நிரம்பி, தம் விருப்பப்படி நடக்கும் உரிமை பெற்றதும், மகளும் மகனும் தாமாகவே தாயை நாடி வந்தனர்.

அக்காத்திருப்புக் காலத்தில் அம்மையார் சோர்ந்திருக்கவில்லை. 1887 நவம்பர் 13-ஆம் நாள் இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் கூட வந்த தொழிலாளரைப் போலீசாரும் படையினரும் தாக்கிக் கலைத்தனர். பலர் கைதாயினர். ஏழைத் தொழிலாளன் ஒருவன் காவலில் அடைபட்டால், அவன் எங்கே இருக்கிறான் என்பதையும் வீட்டிலுள்ளோர் அறிய வகையில்லை. அறிந்தாலும் ஜாமீனுக்குப் பொருளில்லை. அம்மையார் நீதிமன்றந்தோறும் சென்றார். ஜாமீன் கொடுப்போரைத் தேடிப் பிடித்தார். ஸ்டெட் என்னும் பத்திரிகையாசிரியரோடு சேர்ந்து, சிறைப்பட்டோருக்கு உதவுவதற்கென ஒரு சங்கத்தையும் அமைத்தார். மகளைத் தேடி நீதிமன்றப் படிகளில் ஏறியிறங்கியவருக்கு அப்படிகளில் நிற்போரின் துன்பம் விளக்கப்பட வேண்டிய தொன்றன்று.

பின்னர்ப் பிளவாட்ஸ்கி அம்மையாரின் நூலால் ஈர்க்கப்பட்டுப் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். 1893 நவம்பரில் தூத்துக்குடித் துறையில் வந்திறங்கி, இந்திய மண்ணை முதன்முதல் மிதித்தார். 1898-இல் காசியில் இந்துக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அடையாற்றைத் தம் வாழ்விடமாகக் கொண்டபின் அங்குள்ளோர் அவரை அம்மா என்றே அழைத்தனர்.

அவர் வாழ்வில் ஒரு முரண்பாடும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பியையும் அம்மையார் தம் பொறுப்பில் ஏற்று வளர்த்தார். அச்சிறுவரின் தந்தை, தம் மக்களைத் தம்மிடமே ஒப்படைக்க வேண்டுமென 1912-இல் வழக்குத் தொடுத்தார். ஒருகாலத்தில் மகளை இழந்து நீதிமன்றத்தில் கலங்கி நின்ற தாய், இப்போது ஒரு தந்தையின் வழக்குக்கு எதிர்வாதியாய்ச் சென்னை உயர்நீதிமன்றத்தில் நின்றார். வழக்கறிஞரை அமர்த்தாமல் தாமே வாதாடினார். அங்கே தோற்று, 1914-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் வென்றார். அத்தந்தையின் துயரத்தை அவர் எந்த அளவு உணர்ந்தார் என்பதைத் தீர்ப்பேடுகளிலிருந்து அறிதல் இயலாது.

அவ்வாண்டிலேயே நியூ இந்தியா என்னும் நாளிதழைத் தொடங்கி, இந்தியர்க்குத் தன்னாட்சி வேண்டுமென எழுதலானார். 1916 செப்டம்பரில் ஹோம் ரூல் இயக்கத்தைத் தோற்றுவித்தார். ஐரோப்பாவில் பெரும்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. போர்க்காலத்திற்கென இயற்றப்பட்ட இந்தியப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தின் கையில் இருந்தது. சென்னை ஆளுநர் பெண்ட்லண்டு பிரபு 1917 ஜூன் நடுவில் அம்மையாரை அழைத்துப் பேசினார். பேச்சில் பயனில்லை. அம்மையாரும், அவருடைய துணைவர்களாகிய அருண்டேல், வாடியா ஆகிய இருவரும் காவலில் வைக்கப்பட ஆணை பிறந்தது. கூட்டங்களில் பேசுதல் கூடாது. எதனையும் வெளியிடுதல் கூடாது. கடிதங்கள் யாவும் தணிக்கைக்கு உட்படும். அரசாங்கம் குறித்த சில இடங்களுள் ஒன்றிலேயே தங்குதல் வேண்டும் என்பன அவ்வாணையின் விதிகள். அம்மையார் உதகமண்டலத்தைத் தேர்ந்தார். கோடைக்காலத்தில் ஆளுநரும் அவர்தம் அலுவலகமும் தங்கும் ஊரும் அதுவே! அங்கே ஒல்காட் கட்டிய குலிஸ்தான் என்னும் சிறு வீட்டில் மூவரும் தங்கினர்.

அது இரும்புக் கம்பிகள் சூழ்ந்த சிறையன்று. தோட்டம் சூழ்ந்த வீடு. ஆயினும் நாள்தோறும் பத்திரிகை வாயிலாக ஆயிரக்கணக்கானோரோடு பேசி வந்தவருக்கு, வாய்ப்பூட்டே பெருஞ்சிறையாய் இருந்தது. கடிதம் எழுதலாம், ஆனால் எழுதுவோருக்கும் படிப்போருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் எப்போதும் அமர்ந்திருந்தார். உறை பிரிக்கப்படும் என்று அறிந்து எழுதும் கடிதத்தில் நலம் விசாரிப்பதற்கும் கை தயங்கும். எந்தச் சொல் எவருக்குத் தீங்காய் முடியுமோ என்னும் அச்சம் எழும். மலைக்குளிரில் அம்மையாரின் உடலும் நலிந்தது.

கடிதத்தால் சொல்ல முடியாததை அவர் வேறு வழியாற் சொன்னார். குலிஸ்தான் தோட்டத்தில் கம்பம் நாட்டி, சிவப்பும் பச்சையுமாகிய ஹோம் ரூல் கொடியை ஏற்றினார். தணிக்கையாளர் பிரித்துப் பார்க்க அதில் உறையில்லை. கொடி பறக்கிறது என்ற செய்தி மலையிறங்கி நாடெங்கும் பரவிற்று. அக்கொடியின் இருநிறங்கள் பல ஊர்களில் மக்களின் உடையில் அடையாளமாய் விளங்கின.

கீழே இருந்தோரும் வாளாவிருக்கவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில்தான் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியிருந்தது; அம்மையாரே அதன் முதல் தலைவி. தலைவி காவலில் இருந்தபோது, வீட்டு வாயிலைத் தாண்டியறியாத பெண்களும் ஊர்வலமாய்க் கோயில்களுக்குச் சென்று அவர் விடுதலைக்காக வேண்டிக்கொண்டனர். மயிலாப்பூரில் வாழ்ந்த முதிய அறிஞரும், உயர்நீதிமன்ற நீதிபதியாய் இருந்து ஓய்வு பெற்றவருமான மணி ஐயர் எனப்பட்ட எஸ். சுப்பிரமணிய ஐயர், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு ஜூன் 24-ஆம் நாள் ஒரு மடல் வரைந்தார். அஞ்சலில் இட்டால் அது கடலைக் கடவாது. ஆதலால் ஹாட்ச்னர் என்னும் அமெரிக்கத் தம்பதியர் அதனைத் தம்முடன் எடுத்துச் சென்று சேர்ப்பித்தனர். இச்செய்தி அடுத்த ஆண்டில் வெளிப்பட்டபோது பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. இந்திய மந்திரியின் கண்டனத்தைக் கேட்ட மணி ஐயர், அரசாங்கம் தமக்களித்திருந்த பட்டங்களைத் துறந்தார்.

பம்பாயிலே வேறொரு முயற்சி நடந்தது. காந்தியடிகளின் யோசனைப்படி, ஆணையை மீறி அம்மையார் இருக்கும் இடத்திற்கே நடந்து செல்ல இசைவோரின் கையெழுத்துகளைச் சங்கர்லால் பாங்கரும் ஜம்னாதாஸ் துவாரகாதாசும் திரட்டினர். ஆயிரம் பேர் கையெழுத்திட்டனர். பம்பாயிலிருந்து நீலமலை எவ்வளவு தொலைவு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடிதம் தடுக்கப்பட்டதால் கடிதத்தினிடத்தில் மனிதரே புறப்படத் துணிந்தனர். அதுவரை ஹோம் ரூல் இயக்கத்தில் சேராதிருந்த ஜின்னாவும் அப்போது சேர்ந்தார். ஒருவரை அடைத்ததால் இயக்கம் பன்மடங்காய்ப் பெருகியது கண்டு, இந்திய மந்திரி மாண்டேகு, துண்டாக்கப்பட்ட தேவியின் உடற்கூறு ஒவ்வொன்றும் ஒரு தேவியாகிய புராணக் கதையோடு இதனைத் தம் நாட்குறிப்பில் ஒப்பிட்டார்.

ஆயிரவரின் நடைப்பயணம் தேவைப்படவில்லை. இந்தியர்க்குப் பொறுப்பாட்சி படிப்படியாக வழங்கப்படும் என்று ஆகஸ்டு 20-ஆம் நாள் மாண்டேகு அறிவித்தார். செப்டம்பரில் அம்மையாரும் துணைவரும் விடுதலை பெற்றனர். அம்மையார் சென்னைக்குத் திரும்பியபோது மக்கள் திரண்டு வரவேற்றனர். அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரசு மகாசபைக்கு அவர் தலைமை தாங்கினார். அப்பதவியை அடைந்த முதற் பெண்மணி அவரே.

புகழின் உச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. காந்தியடிகளின் ஒத்துழையாமையை அவர் ஏற்கவில்லை; நாடு காந்தியடிகளின் பின்னே சென்றது. அவரைக் காண மலைக்கு நடக்கத் துணிந்த தலைமுறையே அவருடைய சொல்லைக் கேளாதாயிற்று. எனினும் அவர் அடையாற்றை விட்டு அகலவில்லை. 1933 செப்டம்பர் 20-ஆம் நாள், எண்பத்தாறாம் வயது நிரம்பச் சில நாட்களே இருக்கையில், அங்கேயே உயிர் நீத்தார். அவர் உடல் அச்சபையின் தோப்பிலேயே எரியூட்டப்பட்டது.

கடற்கரையை ஒட்டிப் பிற்காலத்தில் எழுந்த நகர்ப்பகுதி பெசன்ட் நகர் எனப் பெயர் பெற்றது. அதன் வடகிழக்கு ஓரத்தில், ஆறு கடலைச் சேரும் மணலருகே, ஊரூர் ஒல்காட் குப்பத்து மீனவர் வலையுலர்த்துகின்றனர்.