விலைவாசிக்குக் கடிவாளமிட்ட செஸ்டர் பௌல்ஸ்

புதுதில்லி: இந்தியாவில் இருமுறை அமெரிக்கத் தூதராகப் பணியாற்றிய செஸ்டர் பௌல்ஸ், தம் நாட்டில் விலைவாசியைக் கட்டுப்படுத்தப் போராடியவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1901-ல் பிறந்த அவர், வில்லியம் பென்டனுடன் 1929-ல் தொடங்கிய விளம்பர நிறுவனம், பெருமந்த காலத்திலும் வானொலி விளம்பரங்களால் செழித்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ல், விலை நிர்வாக அலுவலகத்தின் தலைவரானார். சர்க்கரை, இறைச்சி, பெட்ரோல் ஆகியவை அப்போது அமெரிக்காவிலும் ரேஷனில்தான் கிடைத்தன. 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர்க் குழுக்கள், பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களைக் கொண்டு இயங்கின.

போர் முடிந்ததும் கட்டுப்பாட்டை நீக்குமாறு தொழிலதிபர்கள் நெருக்கினர். உற்பத்தி பெருகும்வரை அது நீடிக்க வேண்டும் என பௌல்ஸ் வாதிட்டார். 1946-ல் நாடாளுமன்றம் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தபோது பதவியைத் துறந்தார். அவ்வாண்டில் மட்டும் நுகர்வோர் விலைகள் சுமார் 18 சதவீதம் உயர்ந்தன.

கனெக்டிகட் ஆளுநராக 1949-ல் பொறுப்பேற்று, மாநிலப் பாதுகாப்புப் படையில் நிறப் பாகுபாட்டை ஒழித்தார். 1950 தேர்தலில் தோற்றார்.

1951-ல் தில்லி வந்த அவர், மறு ஆண்டு தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்துக்கு அமெரிக்க நிதியுதவி கிடைக்க வழிசெய்தார். 1963-ல் மீண்டும் தூதரானார். 1965-67 உணவு நெருக்கடியில் அதிபர் ஜான்சன் கோதுமையைச் சிறுகச் சிறுகவே விடுவித்து இந்தியாவுக்கு நெருக்குதல் அளித்தார். தானியத்தைத் தாமதமின்றி அனுப்புமாறு தம் அரசிடமே மன்றாடிய பௌல்ஸ், 1969-ல் பணி நிறைவுற்று, 1986-ல் காலமானார்.