கம்மிய குரல் குயிலானது

ஸ்வீடன் நாட்டின் இசைக்குயில் ஜென்னி லிண்ட், 1820-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். 1838-ல் இசை நாடக மேடையில் கதாநாயகியாகப் புகழ் பெற்றார். ஓய்வின்றிப் பாடியதில் மூன்றே ஆண்டுகளில் குரல் கம்மிவிட்டது.

1841-ல் பாரிஸ் சென்று, மானுவேல் கார்சியா என்னும் ஆசிரியரிடம் பாடிக் காட்டினார். ஆறு வாரம் பாடவே கூடாது, பேச்சையும் குறைக்க வேண்டும் என்று அவர் விதித்தார். அதன் பிறகு, நாடறிந்த பாடகி பால பாடத்துக்கே திரும்பினார். நம் சரளி வரிசை போல, ஸ்வரங்களை மேலும் கீழுமாக மிக மெதுவாகப் பாடிப் பழகினார். மூச்சு விடும் முறையையும் புதிதாகக் கற்றார். சுமார் பத்து மாதப் பயிற்சியில் குரல் மீண்டது.

1842-ல் தாயகம் திரும்பி மேடை ஏறினார். 1850-ல் அமெரிக்கா சென்றபோது அவரைக் காணக் கூட்டம் அலைமோதியது. பிற்காலத்தில், 1883-ல் லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் ஆசிரியையாகி, தாம் பாடுபட்டுக் கற்ற வித்தையைப் பிறருக்கும் அளித்தார். 1887-ல் மறைந்தார்.