கலப்பைக்கு மூன்று பிடி கொடுத்தவர்

இன்றைய வடக்கு அயர்லாந்தில், டிரோமோர் என்ற ஊருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1884 நவம்பர் 4-ஆம் தேதி பிறந்தார் ஹாரி பெர்குசன். பண்ணை வேலை என்றாலே அவருக்குக் கசப்பு. 1902-இல் பெல்பாஸ்ட் நகருக்குப் போய், அண்ணனின் சைக்கிள், கார் பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தார். 1909 டிசம்பர் 31 அன்று, தானே செய்த விமானத்தில் பறந்தார். அயர்லாந்தில் விமானம் ஓட்டிய முதல் மனிதர் அவர்தான்!

வயலை வெறுத்தவரை மீண்டும் வயலுக்கு இழுத்து வந்தது முதல் உலகப் போர். உணவுப் பஞ்சம் வராமலிருக்க அங்கே டிராக்டர்கள் இறங்கின. 1917-இல் அவற்றின் உழவைச் சீராக்கும் வேலையை அரசு பெர்குசனிடம் கொடுத்தது.

அந்தக் கால டிராக்டர், கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான். கொழு பாறையில் சிக்கினால் என்ன ஆகும்? கலப்பை நகராது, என்ஜினோ நிற்காது. முன்பக்கம் குதிரைபோல எழும்பி, வண்டி ஓட்டுநர் மேலேயே கவிழும். பல விவசாயிகள் இப்படி உயிரிழந்தார்கள்.

கலப்பையும் டிராக்டரும் ஒரே இயந்திரமாக இருந்தால்? இதுதான் பெர்குசனின் யோசனை. வன்னியம்பட்டிப் பக்கம் டிராக்டர் நின்றால் அதன் பின்புறம் பாருங்கள். கீழே இரண்டு கைகள், மேலே 'டாப் லிங்க்' என்னும் ஒரு தண்டு. மொத்தம் மூன்று பிடி. இறுகிய மண்ணில் கொழு மாட்டும்போது, கலப்பையின் மேல்பகுதி முன்னால் சாய்ந்து டாப் லிங்க்கைத் தள்ளும். அந்தத் தள்ளல் முன்பக்கத்தை எழும்ப விடாது. அதே தள்ளல் ஒரு ஸ்பிரிங்கை அமுக்கி ஆயில் வால்வைத் திறக்கும். ஆயிலின் அழுத்தத்தால் கைகள் கலப்பையைச் சற்றே தூக்கும். மண் இளகியதும் கலப்பை தானே இறங்கும். 1926-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

பெர்குசனின் டிராக்டரில் இதற்கு ஒரே லிவர். பின்னாளில் வந்த மாசி பெர்குசனில் இரண்டு. ஒன்று, இழுவைக்கு ஏற்பக் கலப்பையை ஏற்றி இறக்கும்; உழவுக்கு உரியது. மற்றொன்று, மண் சமப்படுத்தும் பலகை போன்றவற்றை ஒரே உயரத்தில் நிறுத்தும். ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்: தூக்கி நிற்கும் கலப்பைக்கு அடியில் போகாதீர்கள். என்ஜின் ஓடாதபோதும் லிவர் அசைந்தால் சட்டென விழும்.

1938-இல் அமெரிக்கா சென்று, சாவி கொடுத்தால் ஓடும் ஒரு பொம்மை டிராக்டரை வைத்து ஹென்றி போர்டுக்கு இதை விளக்கினார். இருவரும் கைகுலுக்கினார்கள். அதுவே ஒப்பந்தம்! அத்தனை பெரிய தொழிலுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதாதது எனக்கு இன்றும் வியப்புதான். லட்சக்கணக்கான டிராக்டர்கள் விற்றன. பிறகு நிர்வாகத்துக்கு வந்த போர்டின் பேரன் உறவை முறித்தார். ஆனால் அந்த அமைப்பை விடவில்லை. பெர்குசன் வழக்குப் போட்டார். 1952-இல் 92.5 லட்சம் டாலர் கிடைத்தது.

அதற்குள் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், 1946 முதலே அவருடைய சாம்பல் நிறச் சிறிய டிராக்டர்கள் தயாராகி வந்தன. பத்தாண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேல்! 1953-இல் தன் நிறுவனத்தை மாசி ஹாரிஸுடன் இணைத்தார்.

1960 அக்டோபர் 25 அன்று பெர்குசன் காலமானார். அதே ஆண்டில்தான், மாசி பெர்குசன் டிராக்டர்களை நம் நாட்டிலேயே செய்ய, சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது.