தண்ணீரைத் தடுத்தவர்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வீடுகளில் விரிச்சிருக்கிற வினைல் தரை விரிப்புக்குப் பின்னால ஒரு வேதியியலாளர் இருக்கார். பெயர் வால்டோ செமன்.

1898-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். 1926-ல் குட்ரிச் ரப்பர் கம்பெனியில் சேர்ந்தார். உலோகத்தோடு ரப்பரை ஒட்டவைக்கும் பசை ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. எதுக்கும் உதவாதுன்னு ஒதுக்கி வெச்சிருந்த பிவிசியை எடுத்து, அதிக கொதிநிலை உள்ள கரைப்பானில் சூடாக்கினார். ஆறியதும் ஜெல்லி மாதிரி வளையுற ஒரு பொருள் கிடைச்சது. ஆனா உலோகத்தில் ஒட்டல.

செமன் அதைத் தூக்கிப் போடல. தண்ணீர் அதுக்குள்ள இறங்காதுங்கிறதைக் கவனிச்சார். அதைப் பூசிய துணியை எடுத்துக்கிட்டு மேலதிகாரியின் அறைக்குப் போய், மேசைமேல் இருந்த காகிதங்களை மூடி, அதன்மேல் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். ஒரு காகிதம்கூட நனையல! 1933-ல் காப்புரிமை கிடைச்சது. அப்புறம் செயற்கை ரப்பரிலும் உழைத்தார். 1999-ல், 100 வயதில் மறைந்தார்.

அவர் கண்டுபிடிச்ச அதே குணம்தான் நம்ம ஊர்ல சிக்கலாகுது. 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. வெள்ளம் வடிஞ்சு, மேலே தரை காய்ந்தாலும் அடியில் மண் ஈரமாத்தான் இருக்கும். கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியா ஓதம் மேலே ஏறும். சிமெண்ட் தரைன்னா அது ஆவியாகிப் போயிடும். வினைல் விரிச்சிருந்தா போக வழியில்லை. அடியில் தங்குற ஈரம், இருட்டு, பசை, தூசி எல்லாம் பூஞ்சணத்துக்கு விருந்து. விரிப்பு உப்பும், கறுப்புத் திட்டு விழும், மக்கிய வாடை வரும். ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு மூச்சு இழுக்கும். மேலே எத்தனை தடவை துடைச்சாலும் பயனில்லை.

விரிக்கும் முன் ஒரு சின்ன சோதனை போதும். 45 செ.மீ. சதுர பாலித்தீன் தாளைத் தரையில் வெச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விடுங்க. தாளின் அடியில் நீர் முத்து கோர்த்தாலோ தரை கறுத்தாலோ இப்போ விரிக்க வேண்டாம். ஓதம் எங்கிருந்து வருதுன்னு முதலில் பாருங்க.

செமனின் பொருள் தண்ணீரைத் தடுக்கும். அது மேலேயிருந்து வருதா, கீழேயிருந்து வருதான்னு பார்க்க வேண்டியது நம்ம வேலை.