கோபாலகிருஷ்ண பாரதியார்

சோணாட்டிற் பிறந்த இசைப்புலவர் பலர். அவருள் அரசரைப் பாடினார் சிலர். ஆலயத்து மூர்த்திகளைப் பாடினார் மிகப் பலர். அந்நாட்டுச் சேற்றில் நின்று உழைத்துப் பிறர்க்குச் சோறளித்த பண்ணையாளைத் தம் காவியத்தின் தலைவனாக்கிப் பாடியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் வேதாந்தி, எந்தக் கிளர்ச்சியிலும் கலந்தவர் அல்லர். அத்தகையார் இயற்றிய நந்தன் சரித்திரக் கீர்த்தனை பின்னாளில் நம் நாட்டு விடுதலைப் போராட்டத்திற்கு மெட்டும் கருத்தும் உதவியது. அஃது எங்ஙனம் நிகழ்ந்தது என்பதை அவர் வரலாற்றோடு சேர்த்து ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில், 1811-ஆம் ஆண்டை ஒட்டி, வீணை வல்லோர் மரபில், இராமசுவாமி பாரதி என்பாரின் மைந்தராய் அவர் தோன்றினார். இளமை முடிகொண்டானிற் கழிந்தது. மாயூரத்தில் கோவிந்த யதி என்னும் துறவியிடம் அத்வைத நூல்களைக் கற்றார். திருவிடைமருதூரில் இராமதாஸ் என்பாரிடம் இந்துஸ்தானி இசை பயின்றார். மணம் செய்துகொள்ளவில்லை. மாயூரத்தின் அயலதாகிய ஆனந்ததாண்டவபுரத்தில், அண்ணுவையர் என்ற செல்வரின் ஆதரவில் நெடுங்காலம் வாழ்ந்தார். அச்செல்வர் நிலமுடைய மிராசுதார். மிராசுதார் இல்லத்து உணவை உண்டுகொண்டே மிராசுதாரின் கொடுமையைப் பாடத் துணிந்தமை நமக்கு வியப்பையே தருகின்றது.

நந்தனார் கதை பெரியபுராணத்தில் உள்ளது. சேக்கிழார் காட்டும் நாளைப்போவார்க்கு ஆண்டை எவனும் இல்லை. ஊரார் விட்ட மானிய நிலத்தின் வருவாயை உண்டு, கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்து அவர் தொண்டு செய்கின்றார். தில்லைக்குச் செல்ல அவரைத் தடுப்பது தம் குலத்தை நினைந்த அச்சமே. பாரதியாரோ புராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் படைத்து, அவரை நிலக்கிழாராக்கி, நந்தனை அவருடைய பண்ணையாளாக்கினார். தில்லை செல்ல விடை வேண்டி நிற்கும் நந்தனை வேதியர் முதலில் வைகின்றார். பின்னர் நாற்பது வேலி நிலத்தையும் உழுது பயிரிட்டு முடித்துவிட்டுச் செல்க என்கின்றார். ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலியோ 260 ஏக்கருக்கும் மேல். ஒருவன் தன் ஆயுள் முழுதும் உழைத்தாலும் தீராத அளவு அது. மறுப்பை மறுப்பாகச் சொல்லாமல் வேலையாகச் சொல்லும் இச்சூழ்ச்சி எந்தப் புராணத்திலும் கற்றதன்று. தஞ்சை நாட்டுக் களத்துமேட்டிற் கண்டது என்றே நாம் கருதுகின்றோம். இறைவன் அருளால் ஒரே இரவில் கதிர் முற்றி நிற்க, வேதியர் நந்தன் காலில் விழுகின்றார்.

அக்காலத்து நிலையை நினைந்தால் இதன் துணிவு விளங்கும். அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தால் நீங்கிற்று. ஆயினும் காவிரிப் பாய்ச்சலில் கடனும் நெற்கூலியும் பண்ணையாளை ஆண்டையின் மனையோடு பிணித்தே வைத்திருந்தன. காரைக்காலில் பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்தில் இருந்த சீசே துரையின் முயற்சியால் 1861-இல் கீர்த்தனை அச்சேறியது. எல்லா உயிரிலும் நிற்பது ஒரே பொருள் என்ற வேதாந்தத்தைத் திண்ணையிலிருந்து பேசினார் பலர்; பாரதியார் அதனை நடவு வயலில் இறக்கி, நிலமுடையவன் தலையைத் தாழச் செய்தார்.

புலவருலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாரதியார் சிறப்புப் பாயிரம் வேண்டிப் பலமுறை சென்றார். நூலில் இலக்கணப் பிழைகள் உள்ளமையாலும் கதை மூலத்தினின்று வேறுபட்டமையாலும் பிள்ளையவர்கள் காலம் தாழ்த்தினார். ஒரு நாள் அவர் உறங்குகையில் பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் பாடல்களைப் பாடத் தொடங்கினார். விழித்துக் கேட்ட பிள்ளையவர்கள் உள்ளம் உருகிப் பாயிரம் அளித்தார் என்பது உ. வே. சாமிநாதையரவர்களால் நாம் அறியும் செய்தி. தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் யாப்பும் அணியும் உருப்போடும் நம்மனோர்க்கு இச்செய்தி சிறிது உறைக்கத்தான் செய்யும்! சிந்தும் கண்ணியும் தண்டகமும் விரவிய அந்நூல் பாகவதர்களின் கதாகாலட்சேபங்களால் ஊரெங்கும் பரவிற்று.

சுதேசி இயக்கம் எழுந்த காலத்தில் சுப்பிரமணிய பாரதியார் செய்ததே நமக்கு மிகவும் இன்றியமையாதது. வேதியர் நந்தனை ஏசும் பாட்டின் மெட்டையே எடுத்து, சுயராஜ்யம் கேட்ட இந்தியனை ஆங்கில உத்தியோகஸ்தன் ஏசுவதாக ஒரு பாட்டு இயற்றினார். வ. உ. சிதம்பரம் பிள்ளையைக் கலெக்டர் விஞ்சு துரை வெகுண்டுரைக்கும் பாட்டிற்கும் நந்தன் சரித்திர மெட்டே உதவிற்று. கேட்டவர்க்கு உரை வேண்டியதில்லை. ஆண்டையின் குரல் அவர்கள் செவியில் ஏற்கெனவே இருந்தது. அக்குரல் இப்போது வெள்ளையன் வாயில் ஒலித்தது. நிலத்தில் தாமே ஆண்டைகளாயிருந்த தேச பக்தர்களும் அப்பாட்டில் தம்மை நந்தனாகவே கண்டிருப்பர். தம் வீட்டுப் பண்ணையாளுக்கு அவர்கள் எதுவாயிருந்தனர் என்ற வினாவும் அந்த மெட்டினுள்ளேயே கிடந்தது.

கலை வல்லார் யாவரும் எளியோர் பக்கமே நிற்பர் என்று கொள்ளுதற்கில்லை. கிறிஸ்தவராகிய நாம் நம் சபையின் கதையையும் மறைத்தல் ஆகாது. கீர்த்தனைகளால் நம் ஆராதனையை வளம்படுத்திய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாரதியாரின் காலத்தவரே. கோயிலுள் சாதிப்படி வேறு வேறாக அமரும் வழக்கம் ஒழிய வேண்டுமென்ற வாதம் எழுந்தபோது அவர் பழைய வழக்கத்தையே ஆதரித்து எழுதினார். 1833-இல் பேராயர் தானியேல் வில்சன் அவ்வேற்றுமையைச் சபையிலிருந்து நீக்குமாறு ஆணையிட்டபோது தஞ்சையில் பெரும் பிளவு உண்டாயிற்று.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் துணிவுக்கும் எல்லை உண்டு. வயலில் வேதியரைப் பணிய வைத்தவர், தில்லையில் சேக்கிழார் வழியே சென்றார். நந்தன் தீயில் மூழ்கி, குலம் மாறி எழுந்த பின்னரே சந்நிதி காண்கின்றான். நந்தனாகவே அவனை உள்ளே விட அவர் பாட்டு இடந்தரவில்லை. பிற்காலத்தார் இதனை விடவில்லை. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல்தான் வந்தது. 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, நாகப்பட்டினத்தை அடுத்த கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட சேரியின் மக்கள், பெரும்பாலும் பெண்டிரும் பிள்ளைகளுமாக, 44 பேர் ஒரு குடிசையுள் எரியுண்டு மாண்டனர். பாரதியார் பிறந்த நரிமணமும் அந்நாகப்பட்டினத்தைச் சார்ந்ததே. பின்னர் இந்திரா பார்த்தசாரதி நந்தன் கதையை நாடகமாக்கியபோது, அத்தீ அவனை முனிவனாக்கவில்லை, எரித்துவிடுகின்றது.